பாட்டு நம்முடையது, பேர் யாருடையது?



ஒருவரே பாடுவார், நடிப்பார், படமும் வரைவார். அப்படிப்பட்டவரைப் 'பல்கலைக் கலைஞர்' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் அப்படி இருந்தால் நாமும் ஆச்சரியமாகப் படிக்கிறோம். ஆனால் நம்ம மலையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பகலெல்லாம் கொழுந்து பறிக்கிற அக்கா, திருவிழா வந்தால் கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். ஆட்டத்தில் முதல் ஆளாக நிற்கிறார். மார்கழி மாதம் அவர் வாசலில் போடும் கோலத்தைப் பார்க்க அடுத்த லைனிலிருந்து ஆள் வருகிறது. இழவு வீட்டில் அவர் ஒப்பாரி வைத்தால் கல் மனசும் கரைகிறது. அவரை நாம் கலைஞர் என்று சொல்கிறோமா? "அந்த அக்கா நல்லா பாடும்" என்பதோடு விட்டுவிடுகிறோம்.

தமிழில் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது. இயல், இசை, நாடகம் மூன்றும் சேர்ந்ததுதான் முத்தமிழ். நம் மாநில அரசு கலைகளுக்காக வைத்திருக்கும் மன்றத்துக்கும் 'தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம்' என்றுதான் பெயர். ஆக, ஒரே ஆள் பல கலை செய்வது நமக்குப் புதுசு இல்லை. அப்படிச் செய்கிற பெண்ணுக்குப் பேரும், கூலியும், உரிமையும் கிடைப்பதுதான் புதுசு. இந்த மூன்றையும் பற்றி இந்த இதழில் பேசுவோம். அதற்கு நம் பக்கத்து மலையில் வாழும் ஒரு அம்மாவின் கதையிலிருந்து தொடங்குவோம்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கி முள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். அதுதான் அட்டப்பாடி. நம்ம மலைத் தண்ணீரைச் சுமந்து போகும் பவானி ஆறு அந்தப் பள்ளத்தாக்கில் ஓடிவிட்டுத்தான் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அங்கே இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள் வாழ்கிறார்கள். இருளர்கள் நம் நீலகிரிச் சரிவுகளிலும் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர்களின் இருள மொழி தமிழுக்கு நெருங்கிய சொந்தம். காது கொடுத்துக் கேட்டால் நமக்கும் பாதி புரியும்.

அந்த அட்டப்பாடி இருளர் பெண்தான் நஞ்சியம்மா. ஆடு மாடு மேய்ப்பவர், விவசாய வேலை செய்பவர். சங்கீதத்தை யாரிடமும் முறையாகப் படித்தவர் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர். இருளர்களிடம் பாட்டு தனி, ஆட்டம் தனி என்று கிடையாது. கொகால் ஊதி, தவிலும் பொரையும் அடித்தால் ஊரே வட்டமாகச் சுற்றி ஆடும், ஆடுகிறவர்களே பாடுவார்கள். கரடியை விரட்டுவதை நடித்துக் காட்டும் ஆட்டம்கூட அங்கே உண்டு. குழந்தை பிறந்தாலும் பாட்டு, விதை போட்டாலும் பாட்டு, சாவு விழுந்தாலும் பாட்டு. அந்த ஊர்க் கலைஞர்கள் சேர்ந்து நடத்திய ஆசாத் கலா சங்கம் என்ற குழுவோடு நஞ்சியம்மா மேடைகளுக்குப் போய்ப் பாடி வந்தார்.

அட்டப்பாடியைக் களமாக வைத்து 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தை இயக்குநர் சச்சி எடுத்தார். 2020 பிப்ரவரியில் படம் வெளிவந்தது. படத்துக்காக நஞ்சியம்மா இருள மொழியில் தானே சொற்களைக் கட்டிப் பாடினார். கிழக்கே பூத்து நிற்கும் மரத்தைப் பற்றிய 'களக்காத்த' என்ற பாட்டு அது. இசையமைத்தவர் ஜேக்ஸ் பிஜாய். நஞ்சியம்மா ஒரு சிறு வேடத்தில் நடிக்கவும் செய்தார். படத்தின் கதாநாயகர்கள் பிருத்விராஜும் பிஜு மேனனும். அவர்களைத் தெரியுமா என்று ஒரு விளம்பர வீடியோவில் கேட்டபோது, தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வெள்ளந்திச் சிரிப்புக்காகவே லட்சக்கணக்கான பேர் அவரைத் தேடிப் பார்த்தார்கள்.

2022 ஜூலை 22 அன்று 68-வது தேசிய திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். நம்ம 'சூரரைப் போற்று' சிறந்த படமாக வந்த அதே வருடம்தான். சிறந்த பின்னணிப் பாடகி விருது நஞ்சியம்மாவுக்கு. அவரைப் பாட வைத்த சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. 2020 ஜூனிலேயே காலமாகிவிட்டார். 2022 செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் நஞ்சியம்மா விருது வாங்கினார். கொடுத்தவர் சந்தால் பழங்குடிப் பெண். வாங்கியவர் இருளர் பழங்குடிப் பெண். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

"இது ஒரு பாட்டா?" என்று கேட்டவர்கள்

விருது அறிவித்ததும் எல்லோரும் சந்தோஷப்படவில்லை. சங்கீதத்துக்காகவே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் இருக்கும்போது, சுருதி பிடித்துப் பாடப் பயிற்சி இல்லாதவருக்குத் தேசிய விருதா என்று ஒரு இசைக் கலைஞர் வெளிப்படையாகவே கேட்டார். பெரிய விவாதம் நடந்தது. பெயர் பெற்ற பாடகர்கள் பலர் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள்.

அந்தக் கேள்வியை நாம் கோபப்படாமல் யோசிக்கலாம். பயிற்சி வேண்டும் என்பது சரிதான். ஆனால் எது பயிற்சி? குரு முன்னால் உட்கார்ந்து பத்து வருடம் கற்பது ஒரு பயிற்சி. அம்மா, பாட்டி, அத்தையோடு காட்டிலும் வயலிலும் நாற்பது வருடம் பாடுவதும் பயிற்சிதான். அதற்குச் சான்றிதழ் தர ஆள் இல்லை, அவ்வளவுதான். கொழுந்து பறிக்கும்போது இரண்டு இலையும் ஒரு மொட்டும் நம் கைக்குத் தானே வருகிறதே, அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

படம் வரைவதிலும் இதே கதைதான். மொராக்கோ நாட்டில் ஷைபியா தலால் என்று ஒரு பெண் இருந்தார். 1929-ல் கிராமத்தில் பிறந்தவர். 13 வயதில் கல்யாணம், 15 வயதில் கையில் குழந்தையோடு விதவை. எழுதப் படிக்கத் தெரியாது. காசாபிளாங்கா நகரில் வீட்டு வேலை செய்து மகனை வளர்த்தார். மகன் ஓவியர் ஆனார். தாயும் வரையத் தொடங்கினார். 1966-ல் முதல் கண்காட்சி நடந்தது. 'படிக்காதவள் கிறுக்குகிறாள்' என்று சொந்த நாட்டில் கேலி பேசியவர்கள் உண்டு. வெளிநாடுகள் அவர் படங்களைக் கொண்டாடின. 2004-ல் அவர் இறந்தபோது மொராக்கோவின் பெரிய ஓவியர்களில் ஒருவராக இருந்தார்.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் பூரி பாய் இருக்கிறார். பீல் பழங்குடிப் பெண். போபால் நகரில் பாரத் பவன் என்ற கலை மாளிகை கட்டும்போது நாள் கூலி 6 ரூபாய்க்குக் கல் மண் சுமந்தார். அங்கிருந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன், "உங்க ஊர்ச் சுவரில் வரைவீங்களே, அதைத் தாளில் வரைங்க" என்கிற மாதிரி கேட்டார். வேலையை விட்டு உட்கார்ந்து வரைந்தால் கூலி யார் தருவது என்ற கவலைதான் பூரி பாய்க்கு முதலில் வந்தது. படத்துக்கும் காசு உண்டு என்று தெரிந்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மூன்று பேரிடமும் திறமை முன்பே இருந்தது. யாரோ ஒருவர் அதைக் கண்டு, பேர் போட்டு, காசும் கொடுத்த பிறகுதான் உலகம் 'கலைஞர்' என்றது. அப்படி ஒரு ஆள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நாமே செய்யக்கூடியது என்ன?

நம்ம மலையில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் 6 பழங்குடிகளை மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு குறித்திருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேருமே நீலகிரியில் இருக்கிறார்கள். கோத்தர்களில் ஆண்கள் வாத்தியம் வாசிப்பார்கள், கொல்லு வேலை செய்வார்கள். பெண்கள் மண் பானை வனைவார்கள், திருவிழாவில் ஆடுவார்கள், பாடுவார்கள். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பு, சிவப்பு நூலால் போடும் பூ வேலைக்கு மாதிரி வரைந்து வைத்துக்கொள்வதே இல்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். கோத்தகிரிப் பக்கம் குறும்பர்களின் ஓவியத்துக்கு வேங்கை மரத்துப் பாலும் மண்ணும் இலையும்தான் சாயம். இதோடு படகர் பாட்டு இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கிறது.

இதில் தோடர் பூ வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்த ஊரில், இந்த மக்கள், இந்த முறையில் செய்தால்தான் இந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம் என்று அரசு பதிவு செய்து கொடுப்பது. மெஷினில் அடித்த சால்வையைத் 'தோடர் எம்ப்ராய்டரி' என்று ஒருவர் விற்றால் கேள்வி கேட்க இப்போது சட்டம் இருக்கிறது. பொருளுக்கு வழி இப்படி. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் என்ன வழி?

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 'நிகழ்த்துக் கலைஞர்' யார் என்று அதில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவு செய்பவர் எல்லோருமே அதில் வருகிறார்கள். சட்டத்தின் கண்ணில் சபாவில் பாடுபவரும் நம் கும்மி அக்காவும் ஒன்றுதான். இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. காலம் காலமாக எல்லோரும் பாடும் பழைய பாட்டு தனி ஒருவர் சொத்து இல்லை. ஆனால் நீங்களே புதிதாகச் சொல் கட்டினால் அந்தச் சொற்கள் உங்களுடையவை. அதற்குப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதினாலே உரிமை வந்துவிடும். உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை இருக்கும்.

2. பாட்டு பழையதாக இருந்தாலும், நீங்கள் பாடியது உங்கள் நிகழ்ச்சி. உங்கள் சம்மதம் இல்லாமல் அதைப் பதிவு செய்து வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த உரிமை 50 வருடம்.

3. பாடியவர், ஆடியவர் இன்னார் என்று பெயர் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது இது சேர்ந்தது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், படம் தியேட்டரில் ஓடுவது தவிர மற்ற வழிகளில் பாட்டு சம்பாதித்தால் அதில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது என்றும் அப்போதுதான் வந்தது.

4. சினிமாவில் பேர் போடாத கூட்டத்தில் ஒரு ஆளாக நின்றால் சட்டம் உங்களைப் பெரும்பாலும் கலைஞராக எடுத்துக்கொள்ளாது. அதனால் பேர் போடச் சொல்வது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. உரிமையே அதில்தான் நிற்கிறது. நஞ்சியம்மாவுக்குப் பாடியவர் என்றும் எழுதியவர் என்றும் இரண்டு இடத்திலும் பேர் வந்தது. அதை மறக்காதீர்கள்.

கூலிக் கணக்கு போட்டுப் பாருங்கள்

சீசன் நேரத்தில் நம் உறுப்பினர்களைத் தங்கும் விடுதிகளில் ஆடக் கூப்பிடுகிறார்கள். "சாப்பாடு உண்டு, சேலை உண்டு, மூவாயிரம் ரூபாய் தர்றோம்" என்பார்கள். நமக்கும் ஆசையாக இருக்கும். குழுவில் கடனுக்குக் கணக்குப் பார்க்கிற நாம் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு உதாரணம் போடுவோம். எட்டுப் பேர் போகிறார்கள். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்,

ஒரு நாள் வேலை இழப்பு, 8 பேருக்கு: 3,200 ரூபாய்
ஒத்திகைக்கு அரை நாள்: 1,600 ரூபாய்
ஜீப் வாடகை போக வர: 1,200 ரூபாய்
உடை, வாத்தியம் பராமரிப்பு: 500 ரூபாய்
மொத்தம்: 6,500 ரூபாய்

இது வெறும் செலவு. கலைக்கு இன்னும் ஒரு பைசா போடவில்லை. மூவாயிரத்துக்குப் போனால் 3,500 ரூபாய் நம் கையிலிருந்து கொடுத்து ஆடிவிட்டு வருகிறோம்! அங்கே யாரோ கேமராவில் எடுத்ததை விளம்பரத்தில் போட்டால், அதில் நம் முகம் இருக்கும், பேர் இருக்காது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் ஒரு பாட்டு நோட்டு. தீர்மானப் புத்தகம், வரவு செலவுப் புத்தகம் வைக்கிற மாதிரி இதையும் வையுங்கள். பாட்டு, அதை யார் சொல்லிக் கொடுத்தார், எந்த ஊர், புதிதாகக் கட்டியது என்றால் யார் கட்டியது, தேதி என்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும். மொபைலிலும் பதிந்து வையுங்கள். நாளைக்கு ஒரு சண்டை வந்தால் இந்த நோட்டுதான் சாட்சி.

இரண்டாவது, வாய்ப் பேச்சில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், முன்பணம் எவ்வளவு, வீடியோ எடுக்கலாமா, எடுத்தால் எதற்குப் பயன்படுத்துவார்கள், யார் யார் பேர் போடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். பணம் குழுக் கணக்கில் வரட்டும்.

மூன்றாவது, தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். 2007-ல் அரசு அமைத்த வாரியம் இது. உறுப்பினர் அட்டை கிடைக்கும். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், மூக்குக் கண்ணாடி, இறப்பு உதவி என்று சில உதவித் திட்டங்கள் உண்டு. கலை பண்பாட்டுத் துறையில் விவரம் கேளுங்கள்.

நான்காவது, யாராவது ஏமாற்றிவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு, நாம என்ன சினிமாவுக்கா போறோம்?" என்று சிலர் கேட்பீர்கள். நஞ்சியம்மாவும் சினிமாவுக்குப் போகலாம் என்று நினைத்து ஆடு மேய்க்கவில்லை. இன்றைக்கு ஒரு மொபைல் இருந்தால் போதும், நம் பாட்டு ஒரே ராத்திரியில் உலகம் சுற்றிவிடும். சுற்றட்டும், நல்லதுதான். அதோடு நம் பேரும் சேர்ந்து சுற்ற வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு பேசுங்கள்.

• நம் குழுவில் பாட்டு, ஆட்டம், கோலம், பின்னல், நடிப்பு என்று ஒன்றுக்கு மேல் தெரிந்தவர்கள் யார் யார்?
• கடைசியாக நம்மை ஆடவோ பாடவோ கூப்பிட்டபோது வந்த பணம் எவ்வளவு, நமக்கு ஆன செலவு எவ்வளவு?
• நம்மில் வயதான பாட்டிகள் யாரிடம் எழுதாத பாட்டு இருக்கிறது? அதை எழுதப் போகும் பொறுப்பு யாருக்கு?

பேசி முடித்ததும் பாட்டு நோட்டு வாங்குவது பற்றித் தீர்மானம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் முதல் பாட்டை அன்றைக்கே எழுதிவிடுங்கள். எந்தப் பாட்டு, யார் சொன்னது என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்களுக்கும் சொல்லுங்கள்.